வாசலில் வஞ்சிரம், பின்வாசலில் காரப்பொடி

சோரியாங்குப்பத்தில் எங்கள் தெருவில் மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு ஏப்பம் கேட்கும். சாதாரண ஏப்பமில்லை. கிழக்கு முனையில் விட்டால் மேற்கு முனையில் படுத்திருக்கும் மாடு காதை ஆட்டும். சிவப்பிரகாசம் மாமா சாப்பிட்டு முடித்துவிட்டார் என்று அர்த்தம். அடுத்த நிமிஷம் சாத்தியிருந்த கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வருவார். தோளில் வெள்ளைத் துண்டு, கையில் ஒரு ஈர்க்குச்சி. தெருவில் போகிற வருகிற அத்தனை பேரும் பார்க்கும்படி நின்று, கால் மணி நேரம் நிதானமாகப் பல் குத்துவார்.

உள்ளே அவர் குடித்தது கேழ்வரகுக் கூழ். கூழ் குடித்தவன் பல்லில் என்ன சிக்கும், எதைக் குத்துவான் என்று யாரும் கேட்கக்கூடாது. நாங்களும் கேட்டதில்லை.

காலையில் கூழ் குடிப்பது எங்கள் பக்கத்தில் யாருக்கும் வெட்கமில்லை. முப்பது காணி வைத்திருக்கும் சுப்பராயலு வீட்டிலும் காலையில் கூழ்தான். விஷயம் மத்தியானத்தில் இருக்கிறது. மத்தியானம் நெல்லுச்சோறு வடிக்கிற வீடு ஒரு ஜாதி. மத்தியானமும் அதே கூழ்ப் பானையைத் திறக்கிற வீடு வேறு ஜாதி. மாமா வீடு இரண்டாவது. ஆனால் அவர் நடை, உடை, ஏப்பம் எல்லாம் முதலாவது. ஊரில் அவருக்கு 'மிராசு' என்று பெயர். கிண்டலாக வைத்த பெயர்தான். அவர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளாததால் அதுவே நிலைத்துவிட்டது.

அவருக்கு இருந்தது இரண்டு காணி நிலம். அதில் ஒன்று தங்கை கல்யாணத்துக்கு ஒத்திக்குப் போய், திரும்பி வருகிற வழியே தெரியாமல் இருந்தது. மிச்சம் ஒரு காணியில் நெல், ஓரத்தில் கேழ்வரகு. வீட்டின் முன்கட்டுக்கு ஓடு போட்டிருந்தார். பின்கட்டு பனையோலை. தெருவிலிருந்து பார்க்கிறவனுக்கு ஓடு தெரிந்தால் போதாதா? மழை மட்டும் இந்த நியாயத்தை ஒப்புக்கொள்ளாமல் பின்கட்டில் ஒழுகும்.

நான் தங்கராசு. அதே தெரு. மாமா என்றால் உறவுமுறையில் மாமா இல்லை, தெருவில் எல்லோரும் மாமா, சித்தப்பா என்கிற கணக்கில் மாமா. அப்போது நான் பாகூர் கொம்யூன் ஆபீசில், அதாவது பஞ்சாயத்து ஆபீசில், குமாஸ்தா. பழைய ஆட்கள் வாயில் அது இன்னும் பிரெஞ்சுப் பெயரில் 'மேரி'தான். பிரெஞ்சுக்காரன் போய் மூன்று வருஷம் ஆகியும் 'மேரிக்குப் போய்ட்டு வரேன்' என்றுதான் கிளம்புவார்கள். மாதம் அறுபத்தெட்டு ரூபாய் சம்பளம், மடிப்புக் கலையாத சட்டை, ஒரு சைக்கிள். நானும் என்னை ஏதோ என்று நினைத்துக்கொண்டிருந்தவன்தான். அதனால் மாமாவைப் பற்றிப் பேச எனக்குப் பெரிய யோக்கியதை ஒன்றும் கிடையாது.

ஊரில் யார் வீட்டு நிலவரம் என்ன என்று உண்மையாகத் தெரிந்தது ஒரே ஒருத்திக்கு. மணப்பட்டிலிருந்து மீன் கூடை தூக்கி வரும் காசம்மாள். அவள் புருஷன் கட்டுமரத்தில் போய்க் கொண்டுவருவதை இவள் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்பாள். அவளிடம் ஆபீஸ் ரிஜிஸ்தர் எதுவும் கிடையாது. 'அது வஞ்சிர வூடு, இது சங்கரா வூடு, அது காரப்பொடி வூடு' என்று மீன் விலையை வைத்து மூன்றே வகை; வஞ்சிரம் பணக்கார மீன், காரப்பொடி கைப்பிடிக் கணக்கில் போகும் பொடிமீன். ஒரு வீடு ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கினால் அந்த வீட்டுக்காரனுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட காசம்மாள் மாமா வீட்டு வாசலில் தினமும் ஒரு நாடகம் நடத்துவாள். கூடையை இறக்காமலே, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துவாள்:

"அண்ணே! வஞ்சிரம் இருக்குது, துண்டு போடட்டா?"

மாமாவும் அதே சத்தத்தில்: "இன்னா காசம்மா, நேத்துதான தின்னோம்! தெனமும் வஞ்சிரமா? வாய் கசக்குது. நாளைக்குப் பாக்கலாம் போ."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு நடப்பாள். சந்தில் திரும்புவாள். பின்வாசலில் கலியம்மாள் அத்தை, அதாவது மாமாவின் மனைவி, முந்தானையில் அரைப் படி கேழ்வரகு வைத்துக்கொண்டு நிற்பாள். கேழ்வரகு கூடைக்குப் போகும். காரப்பொடி இரண்டு கை முந்தானைக்கு வரும். ஒரு வார்த்தை பேச்சிருக்காது. கூடையில் வஞ்சிரம் இல்லாத நாளிலும் காசம்மாள் வாசலில் வஞ்சிரம் என்றுதான் கத்துவாள். ஒருநாள் நான் அவளைப் பிடித்துக் கேட்டேன்.

"ஏன் காசம்மா, கூடையில பூரா காரப்பொடிதான இருக்குது? வஞ்சிரம்னு எதுக்குக் கத்துற?"

"உனுக்கு இன்னா செலவு? கத்துறது என் தொண்டை," என்றாள்.

அத்தை இன்னொரு நாடகம் வைத்திருந்தாள். நடவுக் காலம் வந்தால் 'அக்கா வூட்டுக்குப் போறேன்' என்று ஆற்றைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் போவாள். அங்கே அவளுக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. முகம் தெரியாத ஊரில் கூலிக்கு நாற்று நட்டுவிட்டு, பொழுது சாய ஆற்றிலேயே காலைக் கழுவிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு திரும்புவாள். மிராசு வீட்டு அம்மா உள்ளூரில் அடுத்தவன் வயலில் இறங்கினால் மிராசு என்னாவது? பெண்ணையாற்றில் முழங்கால் தண்ணீர் இருக்கிறவரை இந்த ஏற்பாடு நடந்தது. அந்த அக்காவை ஊரும் விசாரிக்கும், 'அக்கா சவுக்கியமா?' என்று. சவுக்கியம் என்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு. மாமாவின் ஒரே பெண் கஸ்தூரி பாகூரில் எட்டாவது பரீட்சை எழுதி, வகுப்பில் முதலாவதாகத் தேறினாள். அவள் அப்பாவைப் போல இல்லை. வாய் சின்னது, கண் பெரியது. வாத்தியாரம்மா ஆக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. புதுச்சேரியில் பயிற்சிப் பள்ளி, இரண்டு வருஷம், அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். கிராமத்துப் பெண்களுக்கு என்று சில இடங்கள் ஒதுக்கி, எங்கள் ஆபீசுக்கு ஒரு பாரம் வந்தது. அதில்தான் வினை இருந்தது.

பாரத்தில் குடும்பங்களை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். வருஷ வருமானம் தொள்ளாயிரம் ரூபாய்க்குக் கீழே என்றால் ஏழை. தங்கலும் சாப்பாடும் இலவசம். தொள்ளாயிரத்திலிருந்து இரண்டாயிரத்து நானூறு வரை நடுத்தரம். மாதம் பன்னிரண்டு ரூபாய் கட்ட வேண்டும். அதற்கு மேலே வசதி; அவர்களுக்கு இந்த இடமே கிடையாது.

ரூபாயில் வருமானம் என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்குத் தெரியும்? நெல் வருகிறது, தின்கிறோம், கொஞ்சம் விற்கிறோம், கொஞ்சம் மீனுக்குப் போகிறது. நான் சும்மா ஒரு ஆசைக்கு ஊரில் நாலு பேரைக் கேட்டுப் பார்த்தேன், நீங்கள் எதில் வருவீர்கள் என்று. முப்பது காணியும் கரும்பு ஆலையும் வைத்திருக்கும் சுப்பராயலு, "நாங்கள்லாம் நடுத்தரம்பா. பணக்காரன்னா பட்டணத்துல இருக்கறவன்," என்றார். அவர் வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த ஆள், "ரெண்டு ஆடு இருக்குது, கடன் இல்ல. நடுத்தரம்னு போட்டுக்க," என்றான். அறுபத்தெட்டு ரூபாய்க் குமாஸ்தாவான நான் என்னை எங்கே வைத்திருந்தேன் என்று சொல்லத் தேவையில்லை. ஊரே நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டால், மேலே யார், கீழே யார் என்பது அந்தப் பாரம் எழுதினவனுக்குத்தான் வெளிச்சம்.

மாமா ஆபீசுக்கே வந்து பாரத்தை வாங்கினார். நாலு பேர் பார்க்க என் மேஜையில் வைத்து, என் பேனாவாலேயே நடுத்தரம் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார். போட்டபிறகும் அவருக்குக் குறைதான்.

"இதுக்கு மேல போட்டா பொண்ணுக்கு எடம் இல்லன்ற. போனா போவுது, நடுத்தரம்னே இருக்கட்டும்," என்று பெரிய மனது பண்ணினார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்குக் கஸ்தூரி வந்தாள். கையில் அந்தப் பாரம். அவளுக்குப் பின்னால், யாரோ இழுத்து வந்ததைப் போல மாமா.

"அண்ணா, மாசம் பன்னெண்டு ரூபா எங்கேருந்து வரும்னு அப்பாவக் கேளு."

மாமா கூரையைப் பார்த்தார்.

"கேட்டா நெலத்த ஒத்தி வெக்கிறேன்றாரு. அப்புறம் இன்னா தின்றது? நான் அங்க சோறு துன்னுக்கினு, இவங்க ரெண்டு பேரும் இங்க தண்ணிய குடிக்கிறதா? அதுக்கு நான் ஆத்துக்கு அந்தப் பக்கம் அம்மாகூட நாத்து நடவே போறேன்."

அத்தை எங்கே போகிறாள் என்று பெண்ணுக்குத் தெரியும் என்பதே மாமாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையாகச் சொல்கிறேன், அந்த மனிதரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வராத முதல் நாள் அதுதான்.

மூன்று பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நெல், கேழ்வரகு, வைக்கோல், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கூலி எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபாயைத் தாண்டவில்லை. பொய் சொல்லவே வேண்டாம். உள்ளதைச் சொன்னாலே இலவச இடம். மாமா கணக்கு எழுதின தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு, "ஏழைன்னே போட்டுக்க," என்றார். குரலே வெளியில் வரவில்லை. "ஆனா தங்கராசு, இத ஊர்ல ஒரு ஆளுகிட்ட மூச்சு வுடக்கூடாது. ஆபீசர் வந்தா வரட்டும், பாக்கட்டும், போவட்டும். இன்னாத்துக்கு வந்தான்னு ஒருத்தனுக்கும் தெரியக்கூடாது."

நானும் சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியம்தான் எங்களைக் கவிழ்த்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை விசாரணைக்குப் புதுச்சேரியிலிருந்து ஆபீசர் ஜீப்பில் வந்தார். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்காத நல்ல மனிதர். பாகூரில் என்னையும் ஏற்றிக்கொண்டார். வழியில், "உங்க ஊர்தானே, எப்படிப்பட்ட குடும்பம்?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கணக்குப் போட்டவனே நான்தான். ஆனால் வெளியூர் ஆள் ஒருவர், ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் தெருக்காரரைப் பற்றிக் கேட்கும்போது வாய் தன்பாட்டுக்குத் திறந்தது.

"நல்ல குடும்பம் சார். ரொம்ப மரியாதையா வாழ்றவங்க. ஊர்ல மிராசுன்னுதான் கூப்பிடுவாங்க."

ஆபீசர் எதையோ குறித்துக்கொண்டார். திருத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்று நினைத்தாலும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி. சாப்பாட்டு நேரத்து ஏப்பத்தை அன்றைக்காவது மாமா அடக்கியிருக்கலாம் என்றால் கேட்டாரா? பழக்கம். ஜீப் நின்ற சமயம் பார்த்து ஏப்பம் முழங்கியது, கதவு திறந்தது, ஈர்க்குச்சியோடு மாமா வாசலில் நின்றார். ஜீப்பைப் பார்த்ததும் குச்சியை மறைக்கப் பார்த்தார். முடியவில்லை.

ஜீப் வந்த தெருவில் கூட்டம் கூடாமல் இருக்குமா? எதிர்வீட்டு நாகமுத்து முதல் ஆளாக வந்துவிட்டான். மாமாவை 'மிராசு, மிராசு' என்று தினமும் வம்புக்கு இழுப்பவன் அவன்தான். விற்றுவிட்டுத் திரும்பும் வழியில், மீன் கூடையோடு காசம்மாளும் நின்றாள். கஸ்தூரிக்கு ஏதோ உத்தியோகம் வருகிறது, குடும்பத்தைப் பற்றி விசாரிக்க ஆள் வந்திருக்கிறது என்று கூட்டமே முடிவு கட்டிக்கொண்டது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம். உள்ளுக்குள் ஒருவனை ஒருவன் கிழித்துத் தோரணம் கட்டுவோம். வெளியாள் முன்னால் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம். பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே, சுங்கச் சாவடியில் பிடிபட்ட எங்கள் ஊர்க்காரன் ஒவ்வொருத்தனும் உத்தமன் என்று மொத்த ஊரும் சாட்சி சொல்லியிருக்கிறது.

"இவருக்கு நிலம் எவ்வளவு இருக்கும்?" என்று ஆபீசர் நாகமுத்துவைக் கேட்டார்.

"அஞ்சு காணி சார். அதுவும் ஆத்தோரத்து நிலம், பொன்னு வெளையும்," என்றான் நாகமுத்து கண் இமைக்காமல்.

ஏழு பேர் நிற்கிறார்கள். ஒருவர் கூட மறுக்கவில்லை. ஐந்து காணி என்றதும் மாமாவின் முதுகு அவரைக் கேட்காமலே நிமிர்ந்ததை நான் பார்த்தேன். இந்த வார்த்தையை ஊர் வாயிலிருந்து கேட்கத்தானே இத்தனை வருஷம் ஏப்பம் விட்டார்! கடைசியில் கேட்டார். எந்த நாளில் கேட்கக்கூடாதோ அந்த நாளில்.

"சாப்பாடெல்லாம் எப்படி?" என்றார் ஆபீசர் காசம்மாளைப் பார்த்து.

"இந்த வூட்டுக்கு வஞ்சிரத்தத் தவிர நான் வேற மீனு போட்டதில்ல சாமி," என்றாள் காசம்மாள். சொல்லிவிட்டு, எப்படி என் கெட்டிக்காரத்தனம் என்கிற மாதிரி மாமாவைப் பார்த்து ஒரு சிரிப்பு.

மாமா ஒரு அடி முன்னால் வந்தார். தொண்டையைச் செருமினார். நெடுநாள் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

"சார். நான் ஏழை."

கூட்டத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாத்தீங்களா சார்," என்றான் நாகமுத்து, "இருக்கறவங்க இப்டிதான் இல்லன்னு சொல்லுவாங்க. இல்லாதவன்தான் இருக்குதுன்னு காட்டிக்குவான்."

ஆபீசரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஐயா, இது ஏழைக் குடும்பத்துப் பொண்ணுக்கு இலவசமா குடுக்குற இடம். அஞ்சு காணி வெச்சிருக்கறவர் இதுக்கு மனுப் போட்டது தப்பு. இன்னொரு பொண்ணோட இடத்த நீங்க எடுத்துக்கக் கூடாது," என்று பாரத்தை மடித்தார்.

அப்போதுதான் ஊருக்கு விஷயம் விளங்கியது. நாகமுத்துவுக்கு வியர்த்துவிட்டது.

"அஞ்சு இல்ல சார்... ரெண்டு. ரெண்டுல ஒண்ணு ஒத்தியில," என்றான்.

"வஞ்சிரமும் எப்பனாதான் சாமி," என்றாள் காசம்மாள்.

"இப்ப எல்லாரும் மாத்திப் பேசறீங்களா?" ஆபீசருக்குக் கோபம் வந்தது. "தங்கராசு, நீங்களே மிராசுன்னு சொன்னீங்க இல்ல?" நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்கவில்லை. ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

கஸ்தூரி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை, அப்பாவைத் திட்டவும் இல்லை. கட்டி வைத்திருந்த பின்னலை அவிழ்த்துத் தலையில் கொண்டையாக முடிந்துகொண்டாள். வயலுக்குப் போகிற பெண்கள் முடிகிற கொண்டை. மாமா அதைப் பார்த்தார்.

விறுவிறுவென்று உள்ளே போனார். "ஏங்க, வேணாங்க! ஏங்க!" என்று அத்தை கத்துவது கேட்டது. இரண்டு கையிலும் கூழ்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். வெள்ளைத் துண்டு எங்கேயோ விழுந்துவிட்டது. தெரு நடுவில், ஜீப்புக்கு முன்னால் பானையை வைத்து மூடியைத் திறந்தார்.

"பாருங்க சார். இதான் காலையில. இதான் மத்தியானம். மீந்தா ராவுக்கும் இதான். கதவ சாத்திக்கினு பதினெட்டு வருசமா இதத்தான் குடிக்கிறோம்."

பானையில் கால் பங்கு கேழ்வரகுக் கூழ். மேலே ஒரு வெங்காயம். ஆபீசர் பானையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"நீங்க பல் குத்திக்கிட்டு வந்தீங்களே?"

"அது ஊருக்கு சார்," என்றார் மாமா.

நாகமுத்து தன் கால் கட்டைவிரலையே ஆராய்ந்துகொண்டிருந்தான். காசம்மாள் தலையைத் தூக்கித் தென்னை மரத்தில் ஏதோ எண்ணினாள். ஏழெட்டுப் பேர் இருந்தும் ஒரு கண் அந்தப் பானைப் பக்கம் போகவில்லை. அவர்களுக்குத் தெரியாதது ஒன்றும் அதில் இல்லை. பார்த்துவிட்டோம் என்று அவருக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

"சோறு எப்ப ஆக்குவீங்கம்மா?" என்று ஆபீசர் அத்தையைக் கேட்டார்.

"அமாவாசைக்கு ஆக்குவோங்க," என்றாள் அத்தை, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு.

அவர் பின்கட்டுக்குப் போய்ப் பனையோலைக் கூரையையும், ஒழுகுகிற இடத்தில் வைத்திருந்த இரண்டு சட்டியையும் பார்த்தார். ஜீப்பின் மேல் வைத்துப் பாரத்தைப் பிரித்து எதையோ அடித்தார், எதையோ எழுதினார். போகும்போது கஸ்தூரியிடம், "ஆனி பதினஞ்சுக்குள்ள வந்து சேர்ந்துடும்மா," என்றார்.

ஜீப் போனபிறகு மாமா பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அன்று முழுக்கத் திறக்கவில்லை. இனி இந்த மனிதர் எந்த முகத்தோடு தெருவில் நிற்பார் என்று எனக்குத் தூக்கமில்லை.

மறுநாள் காலை நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காசம்மாள் வந்தாள். சாத்திய கதவுக்கு முன்னால் நின்றாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிய சத்தமாகவே கத்தினாள்:

"அண்ணே! வஞ்சிரம் இருக்குது, துண்டு போடட்டா?"

எதிர்வீட்டில் நாகமுத்து பல் துலக்குவதை நிறுத்திவிட்டான். காசம்மாள் போகவில்லை, நின்றாள். கதவு மெதுவாக ஒரு சாண் திறந்தது.

"நேத்துதான... தின்னோம், காசம்மா."

"இன்னாண்ணே, நாளைக்கும் இப்டியே சொல்லாத. பெரிய வூட்டுலயே வாங்கலன்னா நான் எங்க போய் விக்கிறது?" என்று திட்டிக்கொண்டே சந்தில் திரும்பினாள். "மிராசு, பொழுது விடிஞ்சுடுச்சா?" என்று கேலியாகக் கூப்பிட்டான் நாகமுத்து. மாமா முழுக் கதவையும் திறந்தார்.

பட்டியல் கொம்யூன் ஆபீஸ் சுவரில் ஒட்டப்பட்டது. ஏழை என்ற தலைப்பின் கீழே சிவப்பிரகாசம் மகள் கஸ்தூரி. ஊரிலிருந்து பாகூருக்குப் போன அத்தனை பேரும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போனார்கள். ஊருக்குத் திரும்பிய ஒருவரும் அதைப் படித்ததாகச் சொல்லவில்லை. சோரியாங்குப்பத்தில் திடீரென்று எல்லோருக்கும் எழுத்து மறந்துபோனது.

கஸ்தூரி இரண்டு வருஷம் படித்து, பிள்ளையார்குப்பத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா ஆனாள். மாதம் எழுபது ரூபாய். என்னைவிட இரண்டு ரூபாய் கூட. அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை, மாமா வாரத்துக்கு ஒருதரம் சொல்லிக்காட்டினார். ஒத்திக்குப் போன காணி திரும்பி வந்தது. பின்கட்டுக்கும் ஓடு வந்தது. அத்தைக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அக்காவோடு பேச்சு நின்றுபோனது.

அறுபத்தொன்றில் கொம்யூனில் குடும்ப விவரம் எழுதச் சொல்லி மறுபடி ஒரு ரிஜிஸ்தர் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய், மாமா வீட்டுக்கு வரும்போது பதினோரு மணி இருக்கும். சந்து வழியாகப் போனவன், பின்வாசலில் காசம்மாளைப் பார்த்தேன். மாமாவே நின்றுகொண்டிருந்தார். வாழையிலையில் சுற்றிய எதையோ வாங்கித் துண்டுக்கடியில் செருகிக்கொண்டார்.

"சத்தம் போடாத காசம்மா. நாலு பேரு கண்ணு படும்," என்றார். "நாளைக்கு வாசல்ல வந்து காரப்பொடின்னு கூவு."

"வாசல்ல ஒண்ணு, பின்னால ஒண்ணுன்றது இந்த வூட்டுல மாறவே மாறாதா?" என்றாள் அவள்.

நான் சந்து வழியாகவே திரும்பி, மற்ற வீடுகளை முடித்துவிட்டு, ஒரு மணிக்கு வாசல் பக்கமாக வந்து கூப்பிட்டேன். ஏப்பம் கேட்கவில்லை. அதை அந்தத் தெருவில் கேட்டு ஒரு வருஷம் இருக்கும். கதவு கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தது. வறுத்த வஞ்சிரத்தின் வாசனை எனக்கு முன்னால் தெருவுக்கு வந்துவிட்டது.

"குடும்ப வருமானம் எழுதணும் மாமா."

"இன்னா பெரிய வருமானம், தங்கராசு," என்று மாமா முகத்தைத் தொங்கப்போட்டார். "ஏதோ கூழோ கஞ்சியோ குடிச்சிக்கினு காலத்தத் தள்றோம். எங்களப்போல ஏழைபாழைங்ககிட்ட கேட்டு இன்னா ஆவப்போவுது?"

நான் ரிஜிஸ்தரில் நடுத்தரம் என்று எழுதினேன்.

"எவ்ளோன்னு கேக்கவே இல்லியே?" என்றார்.

"வேணாம் மாமா. தெரிஞ்சுபோச்சு."

மாமா வாயை மூடியபடியே நாக்கால் கடைவாயில் எதையோ துழாவினார். தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தார். பிறகு, பல்லில் சிக்கியிருந்த முள்ளை எடுப்பதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.